உராய்வைப் புறக்கணிக்கலாமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"உராய்வைப் புறக்கணிக்கவும்."

இயற்பியல் கணக்கின் கடைசி வரியில் இவ்விரு சொற்களைக் கண்டதும் எங்கள் வகுப்பில் எழும் நிம்மதிப் பெருமூச்சு அடுத்த வகுப்புக்கும் கேட்கும். பெரிய தொல்லை ஒன்று நீங்கிவிட்டது! தரை வழவழப்பானது, கயிறு எடையற்றது, காற்றே இல்லை. விசை, நிறை, முடுக்கம் ஆகிய மூன்றில் இரண்டைக் கொடுத்திருப்பார்கள். மூன்றாவதைக் கண்டுபிடித்து, அலகை மறக்காமல் எழுதிவிட்டால் முழு மதிப்பெண்.

அன்புத் தோழியரே, அப்படிப்பட்ட தரையை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா? கிணற்றடியில் பாசி படிந்த கல்கூட அவ்வளவு வழுக்காது. உராய்வே இல்லாத தரையில் நம்மால் ஓரடி எடுத்து வைக்க முடியாது. சுவரில் அடித்த ஆணி நில்லாது, கட்டிய முடிச்சு நில்லாது, காலையில் அம்மா பின்னிவிட்ட சடையில் ரிப்பனும் நில்லாது.

ஆனால் உராய்வின் பெருமையைப் பேச நான் இங்கு வரவில்லை. "உராய்வு ஒரு தேவையான தீமை" என்று நாம் எல்லோரும் கீழ் வகுப்புகளிலேயே ஒரு பக்கம் எழுதி முடித்தாயிற்று. நான் பேச வந்தது உராய்வுக் கணக்கைப் பற்றி. உராய்வைப் பற்றி எழுதுவது வேறு, உராய்வுக் கணக்கைப் போடுவது வேறு. முன்னதை மனப்பாடம் செய்யலாம். பின்னதை மனப்பாடம் செய்ய முடியவே முடியாது. அதனாலேயே அது நமக்கு மிகவும் வேண்டிய கணக்கு என்பது என் கருத்து.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமே இயக்க விதிகள்தாம். நிலைமம், உந்தம், நியூட்டனின் மூன்று விதிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. உராய்வுக் குணகத்தை வைத்துப் போடும் கணக்குகளோ பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில்தான் விரிவாக வருகின்றன. பதினொன்றில் இயற்பியல் எடுக்கப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? வணிகவியல் பிரிவுக்குச் செல்பவர்கள் இருக்கிறார்கள், கலைப் பிரிவுக்கும் தொழிற்கல்விக்கும் செல்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களெல்லாம் வாழ்நாள் முழுவதும் உராய்வோடு வாழ்வார்கள், ஆனால் ஓர் உராய்வுக் கணக்கைக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். அக்காவின் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கோடை விடுமுறையில் எடுத்துப் புரட்டினேன். அதிலுள்ள உராய்வுக் கணக்குகளில் பலவற்றுக்குப் பெருக்கலும் கழித்தலும் போதும். சிலவற்றுக்குச் சைனும் கொசைனும் வேண்டும். அவையும் இவ்வாண்டு நம் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கின்றன. பிறகு எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 60 கிலோகிராம் நிறையுள்ள பீரோ ஒன்று தரையில் நிற்கிறது. பீரோவுக்கும் தரைக்கும் இடையே ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3. புவியீர்ப்பு முடுக்கத்தை வசதிக்காக 10 மீ/வி² என்று கொள்வோம். பீரோவைப் பக்கவாட்டில் 100 நியூட்டன் விசையால் தள்ளினால் உராய்வு விசை எவ்வளவு?

சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவளின் கை உடனே எழுதத் தொடங்கிவிடும். எடை 600 நியூட்டன். தரை மேல்நோக்கித் தரும் செங்குத்து எதிர்விசையும் 600. அதை 0.4ஆல் பெருக்கினால் 240 நியூட்டன். விடைக்குக் கீழே இரண்டு கோடு!

சற்று எண்ணிப் பாருங்கள். நாம் 100 நியூட்டனால் முன்னே தள்ளுகிறோம், உராய்வு 240 நியூட்டனால் பின்னே தள்ளுகிறது என்றால், மீதி 140 நியூட்டனுக்குப் பீரோ எங்கே போக வேண்டும்? நம்மை நோக்கியல்லவா வர வேண்டும்! தள்ளப் போனவளைப் பீரோ துரத்திக்கொண்டு வந்தது என்று பேய்க் கதையில்கூட யாரும் எழுதியதில்லை.

சரியான விடை 100 நியூட்டன். ஏனென்றால் பீரோ நகரவில்லை. நகராத பொருளுக்கு முடுக்கம் சுழி, முடுக்கம் சுழி என்றால் நிகர விசையும் சுழி. ஆகவே நாம் எவ்வளவு தள்ளினோமோ அவ்வளவே உராய்வும் எதிர்க்கிறது. இந்த உராய்வு வாய்க்கு வாய் பேசும் பிள்ளையைப் போன்றது. நாம் ஒரு சொல் சொன்னால் அதுவும் ஒரு சொல், நாம் பத்துச் சொன்னால் அதுவும் பத்து. 200 நியூட்டனால் தள்ளினால் உராய்வும் 200. ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைதான் 240. குணகம் நமக்குச் சொல்வது அந்த எல்லையை மட்டுமே. அதைத் தாண்டித் தள்ளினால் பீரோ வழுக்கத் தொடங்குகிறது. வழுக்கத் தொடங்கிய பின் எதிர்ப்பு 0.3 பெருக்கல் 600, அதாவது 180 நியூட்டனாகக் குறைந்துவிடுகிறது. அப்போது 300 நியூட்டனால் தள்ளினால் நிகர விசை 120, முடுக்கம் 2 மீ/வி².

ஒரே பீரோ, ஒரே தரை. விடைகளோ 100, 200, 240, 180! இதில் எதை மனப்பாடம் செய்வது? முதலில் "பொருள் நகருமா, நகராதா?" என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்குச் சூத்திரம் பதில் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் வழிகாட்டி நூல் ஒன்றில் (பெயர் வேண்டாம்) இதே போன்ற கணக்கு ஒன்றுக்கு மேற்சொன்ன தவறான முறையில் விடை அச்சாகியிருப்பதைக் கண்டேன். அதை அப்படியே ஒப்பித்து எழுதும் மாணவி எத்தனை முறை உருப்போட்டாலும் பீரோ அவளைத் துரத்திக்கொண்டுதான் இருக்கும்!

நகரத் தொடங்கும் வரை அதிக விசை வேண்டும், நகர்ந்த பின் குறைந்த விசை போதும் என்பதைத் தேர் இழுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நிலையிலிருக்கும் தேரை அசைப்பதற்குத்தான் ஊரே திரண்டு வடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. அசைந்துவிட்டாலோ அதை நிறுத்துவதே பெரும் வேலை. சக்கரத்துக்குக் கீழே மரக்கட்டையைக் கொடுத்து நிறுத்துவார்கள். "முட்டுக்கட்டை போடாதே" என்று வீட்டில் திட்டு வாங்குகிறோமே, அந்தக் கட்டைதான் இது. திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேருக்கு இக்காலத்தில் ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெள்ளையடிக்கும் நாளில் எங்கள் வீட்டுப் பீரோவை அம்மா தனியாகவே நகர்த்திவிடுவார்கள். முதலில் உள்ளே இருக்கும் துணிமணிகளையும் பாத்திரங்களையும் வெளியே எடுத்து வைப்பார்கள். பிறகு அப்பாவை ஒரு பக்கம் தூக்கச் சொல்லிக் கால்களுக்கு அடியில் பழைய சாக்கை மடித்துச் செருகுவார்கள். அப்பாவின் வேலை அத்தோடு முடிந்தது. சாக்கைப் பிடித்து இழுத்தால் பீரோ பின்னாலேயே வரும். துணியை எடுத்ததனால் செங்குத்து எதிர்விசை குறைந்தது, சாக்கை வைத்ததனால் குணகம் குறைந்தது. சூத்திரத்தில் உள்ள இரண்டு அளவுகளையும் அம்மா குறைத்துவிட்டார்கள்! ஆனால் "எனக்கு இந்தச் சயின்ஸ் எல்லாம் வராதும்மா" என்பார்கள். அம்மாவுக்கு வராதது சயின்ஸ் அன்று. தாம் செய்ததைத் தாளில் எழுதும் வழியை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

உராய்வு தாங்கும் சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று என்ற இரண்டு உண்மைகளையும் 1699ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்தவர் கியோம் அமோன்தோன் என்பவர். இளமையிலேயே செவிப்புலன் இழந்தவர் அவர். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டாவின்சி இதையெல்லாம் தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார், ஆனால் அச்சிடவில்லை. ஓய்வுநிலை உராய்வு, இயக்க உராய்வு ஆகியவற்றைப் பற்றிக் கூலும் 1785இல் விரிவாக எழுதினார். நியூட்டனின் பிரின்சிப்பியா வெளிவந்தது 1687இல். ஆக, உராய்வு விதிகளும் இயக்க விதிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. பாடத்தில்தான் ஒன்றைப் பத்தாம் வகுப்பிலும் மற்றொன்றைப் பதினொன்றிலும் பிரித்து வைத்திருக்கிறோம்.

"உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் விசை" என்று நாம் அனைவரும் எழுதுகிறோம். இந்த வரி பாதி உண்மைதான். பேருந்து புறப்படும்போது தரையில் வைத்த பெட்டி பேருந்தோடு முன்னே போகிறதே, அதை முன்னே இழுப்பது எது? எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே கயிறு ஏதும் இல்லை. பேருந்தின் தளம் பெட்டியின் அடிப்புறத்தை உராய்வினால் முன்னோக்கி இழுத்துச் செல்கிறது. இங்கே உராய்வு இயக்கத்தை எதிர்க்கவில்லை, இயக்கத்தைத் தருகிறது! அது எதிர்ப்பது, ஒரு பரப்பு மற்றொரு பரப்பின் மீது வழுக்குவதை. குணகம் 0.3 என்றால் அந்த உராய்வு பெட்டிக்குத் தரக்கூடிய அதிகபட்ச முடுக்கம் 3 மீ/வி². ஓட்டுநர் அதைவிட வேகமாகக் கிளப்பினால் பெட்டி பின்னே வழுக்கும். பெட்டி பெரிதா சிறிதா என்பது இங்கே பொருட்டன்று, ஏனெனில் சமன்பாட்டின் இருபுறமும் நிறை வந்து அடிபட்டுப் போகிறது. நாம் நடப்பதும் இப்படித்தான். கால் தரையைப் பின்னே தள்ளுகிறது, தரை நம்மை முன்னே தள்ளுகிறது. தள்ளும் கை தெரியாததால் நாமே நடப்பதாக நினைத்துக் கொள்கிறோம்.

மூன்றாம் விதியில் ஒரு பழைய விடுகதை உண்டு. மாடு வண்டியை இழுக்கிறது, வண்டியும் மாட்டை அதே விசையால் பின்னே இழுக்கிறது. இரண்டும் சமம் என்றால் வண்டி எப்படி நகரும்? இதை வாயால் வாதிட்டால் மணி அடிக்கும் வரை வாதிடலாம். தாளில் வண்டியைத் தனியே ஒரு கட்டமாகவும் மாட்டைத் தனியே ஒரு கட்டமாகவும் வரைந்து, ஒவ்வொன்றின் மீதும் செயல்படும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகப் போட்டால் விடை தானே வெளிவரும். சமமான அந்த இரு விசைகளும் ஒரே பொருளின் மீது செயல்படவே இல்லை. மாட்டின் கட்டத்தில் தரை அதன் குளம்பை முன்னே தள்ளும் உராய்வு இருக்கிறது. அது வண்டியின் இழுப்பைவிட அதிகமானால் மாடு நகரும். சேற்றில் அது குறையும்போது எவ்வளவு வலிய மாடும் திணறும்.

இந்தப் படத்துக்குத் தனித்த பொருள் விசைப்படம் என்று பெயர். பெயர் நீளம், படம் மிக எளிது. ஒரு கட்டம், நான்கு அம்புகள். நம்மில் பலர் இதை வரைவதில்லை. நேரம் போகிறது என்கிறோம், படத்துக்கு மதிப்பெண் இல்லையே என்கிறோம். வரையாததனால் எவ்வளவு போகிறது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன்.

விடுதித் தோழி ஒருத்தியின் டிரங்குப் பெட்டி 10 கிலோகிராம். தரையோடு உராய்வுக் குணகம் 0.5. அதை 50 நியூட்டன் விசையால் நகர்த்த வேண்டும். முன்னால் நின்று கிடைத்தளத்துக்கு 37 பாகை சாய்வில் கயிறு கட்டி மேல்நோக்கி இழுப்பதா, பின்னால் நின்று அதே 37 பாகைச் சாய்வில் கீழ்நோக்கித் தள்ளுவதா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். 37 பாகைக்குச் சைன் ஏறக்குறைய 0.6, கொசைன் 0.8. ஆக, இரண்டிலும் பெட்டியை முன்னே கொண்டு செல்லும் பங்கு 40 நியூட்டன். இழுக்கும்போது மீதிப் பங்கான 30 நியூட்டன் பெட்டியை மேலே தூக்குகிறது. தரை தாங்க வேண்டியது 100இல் 30 போக 70. உராய்வின் எல்லை 35. நாம் கொடுப்பது 40. பெட்டி நகர்ந்துவிட்டது! தள்ளும்போதோ அதே 30 நியூட்டன் பெட்டியைத் தரையோடு அழுத்துகிறது. தரை தாங்க வேண்டியது 130, உராய்வின் எல்லை 65. நம் 40 நியூட்டனுக்குப் பெட்டி அசையாது. அதே பெண், அதே பலம், அதே பெட்டி. ஒருத்தி அறைக்குப் போய்விட்டாள், மற்றொருத்தி வராந்தாவிலேயே நிற்கிறாள்! இந்த வேறுபாடு சூத்திரத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. படம் வரைந்தவளுக்கு மட்டுமே அது தெரியும்.

சோதனைச்சாலை வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். பரீட்சை அட்டையின் மீது ஓர் அழிப்பானை வைத்து, அட்டையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். அழிப்பான் வழுக்கத் தொடங்கும் கணத்தில் அட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு, உயர்ந்த முனையின் உயரத்தையும் அடிப்பக்க நீளத்தையும் அளவுகோலால் அளந்து, உயரத்தை அடிப்பக்கத்தால் வகுத்தால் அதுவே ஓய்வுநிலை உராய்வுக் குணகம். உயரம் 15 செ.மீ., அடிப்பக்கம் 25 செ.மீ. என்றால் குணகம் 0.6. அழிப்பானின் மேல் இன்னோர் அழிப்பானை ஒட்டிவைத்துப் பாருங்கள், எடை இரு மடங்கானாலும் கோணம் அநேகமாக மாறாது. டேன்ஜென்ட் என்பது உயரத்தையும் தூரத்தையும் பற்றிய பாடத்தில் கோபுரத்தை அளப்பதற்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, அது அழிப்பானுக்கும் உதவும் என்று கண்டபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

"கலிலியோவே உராய்வைப் புறக்கணித்தாரே, நாங்கள் புறக்கணித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தள்ளுவதை நிறுத்தினால் பொருளும் நின்றுவிடும், ஆகவே இயக்கம் தொடர விசை வேண்டும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து நம்பினார்கள். அன்றாட வாழ்வில் நாம் காண்பதும் அதுதானே? பொருளை நிறுத்துவது உராய்வு, அதை மனத்தால் நீக்கிவிட்டால் பொருள் சமதளத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் என்று கண்டதுதான் கலிலியோவின் மேதை. சாய்தளத்தில் உருண்டைகளை ஓடவிட்டு ஆராய்ந்து, 1638இல் நூலாகவும் எழுதினார். ஆனால் உராய்வு எங்கே இருக்கிறது, எவ்வளவு குழப்புகிறது என்று நன்கு அறிந்துகொண்டு அவர் அதை நீக்கினார். நாமோ அறியாமலேயே நீக்கிவிடுகிறோம். அவர் செய்ததைத் துறவு என்றால் நாம் செய்வதைக் கைகழுவுதல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனிப் பெற்றோருக்கு ஒரு சொல். "பெண் பிள்ளைக்கு மோட்டாரும் கப்பியும் எதற்கு? கணக்குக் கேள்வியை விட்டுவிட்டு மனப்பாடக் கேள்வியை எழுது, மார்க் வரும்" என்று சொல்லும் உறவினர் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறார். நியூட்டனின் பிரின்சிப்பியாவை இலத்தீனிலிருந்து பிரெஞ்சு மொழிக்குப் பெயர்த்து விளக்கவுரையும் எழுதியவர் எமிலி து சாத்லே என்னும் பெண்மணி. 1749இல் ஒரு குழந்தையைப் பெற்றெடுத்த சில நாள்களில் அவர் இறந்தார், நூல் முழுமையாக வெளிவந்தது 1759இல். அதே நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞ்ஞாவில் லாரா பாஸி 1732இல் பட்டம் பெற்றுப் பல்கலைக்கழக ஆசிரியை ஆனார். நியூட்டனின் இயற்பியலைக் கற்பித்த அவரைத் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1745இல் தாம் ஏற்படுத்திய அறிஞர் குழுவில் சேர்த்துக்கொண்டார். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே திருத்தந்தைக்கு இல்லாத தயக்கம் இன்று நம் சித்தப்பாவுக்கு எதற்கு?

அடுத்து, நம் அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் பணிவோடு வைக்கும் வேண்டுகோள். பொதுத் தேர்வை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் வகுப்புத் தேர்வும் பருவத் தேர்வும் நம் பள்ளியின் கையில் இருக்கின்றன. அவற்றில் ஆளுக்கு ஓர் உராய்வுக் கணக்குக் கொடுங்கள். ஐந்து மதிப்பெண் என்றால் அதில் இரண்டை விசைப்படத்துக்கு வையுங்கள். விடை தவறினாலும் படம் சரியானால் அந்த இரண்டும் கிடைக்கட்டும். படமில்லாமல் விடை மட்டும் சரியானால் மூன்றோடு நிற்கட்டும். இன்று கைபேசியைக் கேட்டால் எந்தக் கணக்குக்கும் விடை நொடியில் வந்துவிடுகிறது. எனவே விடைக்கு மட்டும் மதிப்பெண் கொடுப்பதில் பொருளில்லை. சில வேளைகளில் "பொருள் நகராது" என்பதே விடையாக வரும் கணக்கையும் கொடுங்கள். எப்போதும் ஓர் எண்தான் விடையாக வரும் என்ற நம்பிக்கை எங்களை மிகவும் சோம்பேறிகளாக்கிவிட்டது.

நாற்பது, ஐம்பது தாள்களைத் திருத்தும் ஆசிரியைக்கு இது கூடுதல் சுமையல்லவா என்று தோழி ஒருத்தி கேட்டாள். சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் நான்கு அம்புகளைப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஒன்றரைப் பக்கம் ஒப்பித்து எழுதியதைப் படிப்பதைவிட நிச்சயமாகக் குறைவு. மாணவி எந்த இடத்தில் தடுமாறினாள் என்பதும் படத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இவ்வளவு வலியுறுத்துவதற்கு மதிப்பெண் மட்டும் காரணமன்று. நாம் ஒவ்வொரு நாளும் பேருந்திலும் வேனிலும் ஆட்டோவிலும் பள்ளிக்கு வருகிறோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது. டயருக்கும் சாலைக்கும் இடையே குணகம் 0.5 என்று கொண்டால் பிரேக் போட்டதும் கிடைக்கக்கூடிய எதிர்முடுக்கம் 5 மீ/வி². வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் வண்டி நிற்கும் தூரம் வந்துவிடும். 100 வகுத்தல் 10, அதாவது 10 மீட்டர். வேகத்தை இரட்டித்து மணிக்கு 72 கிலோமீட்டர் ஆக்கினால்? தூரம் 20 மீட்டர் அன்று, 40 மீட்டர்! மழை பெய்து குணகம் பாதியாகக் குறைந்தால் 80 மீட்டர். ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, பிரேக்கை மிதிக்கும் வரை வண்டி ஓடிவிடும் தூரம் இதில் சேரவே இல்லை. பஸ் பெரிது, ஆட்டோ சிறிது என்பதும் இந்தக் கணக்கில் உதவாது, நிறை இங்கேயும் அடிபட்டுப் போகிறது.

"சாலையைக் கவனமாகக் கடக்க வேண்டும்" என்று காலை வணக்கக் கூட்டத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வாயிலில் ஓடியே கடக்கிறோம். ஆனால் மழைநாளில் 80 மீட்டர் என்று தன் கையாலேயே கணக்கிட்டு எழுதியவள், தூரத்தில் வரும் வண்டி "நின்றுவிடும்" என்று நம்பிக் காலை எடுத்து வைப்பாளா? வணிகவியல் படிக்கப் போகிறவளும் அந்தச் சாலையைக் கடந்துதானே ஆக வேண்டும்?

இதைப் படிக்கும் பத்தாம் வகுப்புத் தோழியருக்கு ஒரு கணக்கைத் தருகிறேன். 2 கிலோகிராம் நிறையுள்ள ஒரு புத்தகக் கட்டைச் சுவரோடு சேர்த்து உள்ளங்கையால் நேராக 50 நியூட்டன் விசையில் அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள். சுவருக்கும் புத்தகத்துக்கும் இடையே ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5. உள்ளங்கை வழவழப்பானது என்று கொள்க (இந்த ஓர் இடத்தில் நானும் புறக்கணித்துவிட்டேன், மன்னிக்கவும்!). சுவர் தரும் உராய்வு விசை எவ்வளவு, அது எத்திசையில்? 25 என்று எழுதும் முன் படம் வரையுங்கள். வரைந்து முடித்ததும் இதற்கும் விடை சொல்லுங்கள்: உள்ளங்கையின் அழுத்தத்தை 100 நியூட்டனாக உயர்த்தினால் அந்த உராய்வு விசை எவ்வளவு கூடும்?